தோளில் பூசிய மருந்து

மைக்கக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் ஸ்டேஷன் முழுக்க முதலில் நினைத்தார்கள். ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று சொல்லுகிற வேலை அவளுக்கு. பெட்டி தூக்குகிறவர் முதல் மேலதிகாரி வரை, அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் மைக்கக்காதான். சாதாரண ஜலதோஷம் என்றால் ஒரு வாரத்தில் ஓடிவிடும். இது மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தொண்டைக்கு இறங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் டிக்கெட் கவுண்டரிலிருந்து போன் வந்தது. மைக்கக்கா லீவா சார், நீங்கள் புதுசா என்று அவளிடமே கேட்டார்கள். ஆமாம், புதுசுதான் என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மைக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு அழுதாள். அந்த வேலையில் இருப்பவர்கள் அழுவதற்கு முன்னால்கூட ஒரு பொத்தானைச் சரிபார்த்தாக வேண்டும்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? உப்புநீரில் கொப்பளி என்றார் ஒருவர். பேசவே பேசாதே என்றார் இன்னொருவர். பேசினால்தான் சம்பளம் என்பதை அவருக்கு யார் சொல்வது? எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். குரல் ஏறவில்லை. அதற்குள் முகத்தில் வேறு ஒரு கூத்து ஆரம்பித்தது. மோவாயில் நாலைந்து கறுப்பு முடி. வலது கன்னத்தில், காதோரமாக, பூனைமுடி அடர்ந்து மீசைக்கு ஒத்திகை பார்த்தது. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க அது முளைத்தது.

மகள் கண்ணில் எத்தனை நாள் மண்ணைத் தூவ முடியும்? மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்காத நேரத்திலும் விசில் ஊதுகிற மாதிரிதான் பேசுவாள். ஒரு காலையில் அம்மாவின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நேரே போய்ப் பள்ளிக்கு லீவு சொன்னாள். அவள் லீவு எடுப்பதென்றால் அது பூகம்பம் வந்த மாதிரி.

முதலில் தொண்டை டாக்டர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, குரல் நாண் தடித்திருக்கிறது, இது தொண்டையில் ஆரம்பித்த விஷயமே இல்லை என்று ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். ஹார்மோன் டாக்டர் ஓர் அம்மாள். அதிர்ந்து பேசாதவர். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆண்களுக்கு நிறையவும் பெண்களுக்குத் துளியூண்டும் சுரக்கிற ஹார்மோன் அது. மைக்கக்காவின் உடம்பில், அந்த வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது.

"வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல் உபயோகிக்கறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஆம்பளைங்க தோள்ல பூசிக்கறது ஒண்ணு இருக்கு. பக்கத்துல இருக்கறவங்க மேல அது பட்டா அவங்க உடம்புலயும் ஏறிடும்."

மகள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல ஆம்பளைச் செருப்புகூடக் கிடையாது டாக்டர். அப்பா போனதுலேருந்து அம்மா தனியாத்தான் இருக்காங்க."

டாக்டர் மைக்கக்காவைப் பார்த்தார். மைக்கக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். ஆட்டியது பொய்.

அவள் தனியாக இல்லை. ஒன்றரை வருடமாகவே இல்லை.

ஸ்டேஷனில் லிஃப்டுகளையும் நகரும் படிக்கட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் உண்டு. லிஃப்ட்காரர் என்பார்கள். மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவர். பிள்ளை குட்டி இல்லை. ஒரு மழைநாளில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மைக்கக்கா மட்டும் மாட்டிக்கொண்டாள். பயத்தில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெளியிலிருந்து அவர் வேலை பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். கம்பி அறுந்தால்கூட இந்தப் பெட்டி ஏன் கீழே விழாது, பிரேக் எப்படிப் பெட்டியின் இரு பக்க இரும்புத் தண்டுகளைக் கவ்வும் என்றெல்லாம் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நிறுத்தாதீங்க, பேசிக்கிட்டே இருங்க என்று அவள் உள்ளேயிருந்து கெஞ்சினாள். தினமும் ஆயிரம் பேரிடம் பேசுகிறவள் அவள். அவர்களில் ஒருத்தர்கூட அவளிடம் திருப்பிப் பேசியதில்லை. கதவு திறந்து வெளியே வந்தபோது அழுகையும் நன்றியும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஸ்டேஷனில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிட, அவர் மட்டும் அந்த வார்த்தையைத் தொடவே இல்லை. இங்க பாருங்க என்பார், அவ்வளவுதான். ஏன் என்று அவளுக்குப் புரியச் சில மாதம் ஆனது.

அவள் காலை ஷிப்ட்; நண்பகலில் முடிந்துவிடும். அவர் வேலைக்குப் போவது மாலையில்தான். நடுவில் உள்ள நேரம் அவர்களுடையது. அவர் வீடு மேல்மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் வீட்டுக்கு மூச்சிரைக்கப் படியேற வேண்டும். இருவரும் சாப்பிடுவார்கள். டிவியில் ஏதோ ஓடும். கையில்லாத பனியனோடு அவர் உட்கார்ந்திருக்க, அவள் வலது கன்னத்தை அவர் தோளில் வைத்தால் கண் சொக்கிவிடும். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அவள் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

மகளிடம் ஷிப்டை நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண் ஒன்றும் பொல்லாதவள் இல்லை. பொல்லாதது அவள் சொன்ன பாராட்டுத்தான். எந்தக் கூட்டத்தில் நின்றாலும், எங்கம்மா எனக்காகவே வாழ்ந்தவங்க, வேற யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பாள். சொல்லும்போது கண் கலங்கிவிடும். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். இப்படி உச்சிமேல் தூக்கி வைத்துப் பேசினால் எந்த வழியாக இறங்குவது?

ஸ்கேன்கள் எடுத்தார்கள். ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை. சினைப்பையில் கண்ணுக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்யலாம், இந்த வயதில் இரண்டு பைகளையும் எடுத்துவிடுவதுதான் வழக்கம் என்றார் டாக்டர். தேதி குறித்தாயிற்று. வீட்டில் சந்தேகத்துக்கு இடமான சோப்பு, கிரீம், எண்ணெய் எல்லாவற்றையும் மகள் ஏற்கெனவே குப்பையில் கொட்டியிருந்தாள். இப்போது ஆஸ்பத்திரிப் பையைத் தயார் செய்தாள். விளையாட்டுப் போட்டிக்கு அணியை அனுப்புகிற மாதிரி துண்டு, செருப்பு, தண்ணீர் பாட்டில் என்று எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் வெளியே எடுத்து எடுத்து மறுபடி வைத்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

மைக்கக்காவுக்குக் கத்தி பயம் இல்லை. மயக்கம் தெளியாமலே போய்விட்டால் என்ற பயம். அதற்குப் பின்னால் இன்னொன்று. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருக்கு யார் சொல்வார்கள்? அவர்கள் இருவர் விஷயம் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் மைக்கில் வேறு குரல் கேட்டு, அவரே போய் யாரையாவது விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

முடி முளைத்த முகத்தைக் காட்டக் கூசி, கொஞ்ச நாளாக அவள் அங்கே போகவே இல்லை. டியூட்டி மாறிவிட்டது என்று அவரிடமும் ஒரு பொய். இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சொல்லி, எந்தப் பொய் யாருக்கு என்பதே குழம்பிப் போயிருந்தது. இன்று போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று படியேறினாள்.

கதவைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மூடிக்கொள்ளவில்லை. அவர் மோவாயை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா வராம இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபமே இல்லை.

உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன், தேதி. அவர் முகம் சுண்டிப் போவதைப் பார்த்து, கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று டாக்டர் கேட்ட கேள்வியையும் எடுத்துவிட்டாள். ஆம்பிளைகள் தோளில் பூசிக்கொள்ளும் ஜெல்லாம், அது என் வீட்டில் எங்கே இருக்கப் போகிறது, கேட்டீர்களா கதையை என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்தார். குளியலறைக்குப் போய், துணி சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். மூடியை அமுக்கினால் ஜெல் பிதுங்கும் பாட்டில். அப்புறம் எதிர்ச் சுவரோரமாக, அவளைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். கம்பெனியில் வருடாவருடம் உடம்பைச் சோதிப்பார்கள். தனியாக இருந்த காலத்தில் அந்த ஹார்மோன் அவருக்கு நன்றாகவே இருந்தது. இவளோடு பழக ஆரம்பித்த பிறகு எடுத்த சோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மனுஷர் பதறிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பிறகு கடவுள் ஒரு துணையைக் கொடுத்திருக்கிறார், கொடுத்த கையோடு ஆண்மையைப் பிடுங்கிக்கொள்கிறாரே என்று நினைத்தார். டாக்டரிடம் போக வெட்கம். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒரு சிநேகிதர் ரகசியமாக இந்தப் பாட்டிலைக் கொடுத்தார். பூசிய இடத்தைச் சட்டையால் மூட வேண்டும், யார் மேலும் படக்கூடாது என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரு லிஃப்டின் கையேட்டை வரி விடாமல் படிக்கிற மனுஷர், தன் உடம்பில் பூசுவதற்கு முன்னால் ஒரு வரி படிக்கவில்லை. தினமும் குளித்துவிட்டு, அவள் வருவதற்குச் சற்று முன்னால், இரண்டு தோளிலும் பூசுவார். சொன்ன அளவு போதுமோ போதாதோ என்று எப்போதும் இரண்டு பங்கு.

"உங்களுக்கு நான் குறையாத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு பூசினேன்," என்றார். "உங்களை ஆபரேஷன் டேபிள் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டேனே."

மைக்கக்காவுக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. அறுக்கப் போவது உங்களை இல்லை, என்னை என்று அந்தப் புதுக் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். குரல் அறையில் கணீரென்று இடித்தது. இருவருமே திடுக்கிட்டார்கள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டிலைப் பார்த்தாள், சுவரோரம் குற்றவாளி மாதிரி குறுகி உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்தாள். கட்டி இல்லை. கத்தி இல்லை. உடம்புக்குள் வேண்டாத எதுவும் வளரவில்லை. தன்மேல் ஆசைப்பட்டு ஒருவர் பூசிக்கொண்டதுதான் இத்தனை நாளாகத் தன் உடம்பில் ஏறியிருக்கிறது. அடக் கடவுளே, உனக்குக் கோடி நன்றி என்று வாய்விட்டே சொன்னாள்.

டாக்டரிடம் நானே வந்து சொல்கிறேன் என்றார் அவர். அவள் யோசித்தாள். வேண்டுமானால் போனில் டாக்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம். அவர் வெளியே விடமாட்டார். ஆபரேஷன் ஏன் நின்றது என்று மகள் கேட்டால், அதற்கு இன்னொரு பொய். பொய்க்கா பஞ்சம்? ஆனால் எந்த ஆணும் வாய்திறந்து சொல்லாத விஷயத்தைச் சொல்ல இவர் ஊர் பேர் தெரியாத டாக்டர் முன்னால் வந்து நிற்கிறேன் என்கிறார். எனக்கு இவர் இருக்கிறார் என்கிற மூன்று வார்த்தையைப் பெற்ற பெண் முன்னால் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றால், இத்தனை வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைக் கடைசியாகப் பார்க்கப் போன நாளில் மகளும் வந்தாள். லிஃப்ட்காரர் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, வெளியே தாழ்வாரத்தில் நின்றார். மகளுக்கு அவர் யாரோ ஒரு நோயாளி.

டாக்டர் ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கக்கா பேசினாள். குரல் கரகரத்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "டாக்டர், நீங்க முதல் நாள் கேட்டதுக்கு நான் பொய்யாத் தலையாட்டிட்டேன். எனக்கு ஒருத்தர் இருக்கார். ஒன்றரை வருஷமா இருக்கார். நீங்க சொன்ன ஜெல்லை அவர்தான் பூசறார். இப்போ வெளியிலதான் நிக்கறார். அது எனக்கு முந்தாநாள் வரைக்கும் தெரியாது."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மைக்கக்காவின் வலது கன்னத்தைப் பார்த்து, "இந்தப் பக்கம்தான் சாஞ்சுக்குவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். டாக்டர் மேஜை நாட்காட்டியில் ஆபரேஷன் தேதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். முதலில் அந்த ஜெல் நிற்கட்டும், அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கினால் கத்திக்கு வேலையே இல்லை என்றார்.

மகள் விசில் தொங்கும் இடத்தில் கை வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் தயாராகத்தான் மைக்கக்கா வந்திருந்தாள். இந்தப் பார்வைக்குத் தயாராக வரவில்லை.

"ஆபரேஷனுக்குக்கூடப் போயிருப்ப," என்றாள் மகள் கடைசியில். "ஆனா என்கிட்ட சொல்லியிருக்க மாட்ட. அவ்வளவு பயமாம்மா என்கிட்ட?"

மைக்கக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அது உண்மை. மகள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். உன்னைப் புகழ்றதா நெனச்சு உன்னைக் கட்டிப் போட்டுட்டேன் என்று முணுமுணுத்தாள். அப்புறம் எழுந்து கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் அந்தப் பகல் வெயிலில் கழுத்துவரை பட்டன் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஆள்தான். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வாங்க," என்றாள். "நடுவுல நான் உட்காந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இப்போ தொட்டுக்கக் கூடாது."

அப்படியே உட்கார்ந்தார்கள். அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்து, வெட்கத்தை விட்டு எல்லாம் சொன்னார். பழைய சோதனை முடிவுகளையும் காட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, இறங்கியிருக்கிறதுதான், ஆனால் இது நோயே இல்லை, சாதாரண அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். துணையோடு வாழ்கிற ஆண்களுக்கு இது சற்றுக் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது, உங்களுக்கு அதனால்தான் இறங்கியது என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

லிஃப்ட்காரர் தன் பழைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அப்போ, எனக்கு இவங்க இருக்கறதால அது குறைஞ்சிருக்கலாமா டாக்டர்?"

"இருக்கலாம்."

அவர் முகம் பரவசப்பட்டதைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் சிரித்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனை வரைக்கும் அந்தப் பெண் காவல் காத்த அழகைச் சொல்லி மாளாது. அவர் இவர்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே முழங்கைவரை சோப்புப் போட வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான். அவர் ஒன்றையும் மீறவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று ஒருநாள் கழற்றி மாட்டிக் கொடுத்தார். மைக்கக்கா சமையலறையில் நின்றுகொண்டு, முன்னறையில் இரண்டு பேரும் கீல் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு இத்தனையும் சேர்த்துக் கிடைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து போயிற்று. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

கடைசிப் பரிசோதனை முடிவைக் கேட்க மூவரும் போனார்கள். வழக்கம்போல மகள் நடுவில். டாக்டர் தாளை எடுத்து மகளிடமே நீட்டினார். அளவு தரையோடு தரையாக இறங்கி, அந்த வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுக்கு வந்திருந்தது. ஆபரேஷன் இல்லை. முடி நாளடைவில் குறையும், குரல் முழுசாகப் பழையபடி ஆகும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

"வந்த வரைக்கும் போதும் டாக்டர்," என்றாள் மைக்கக்கா. "இருக்கறதை வச்சுப் பேசிக்கறேன்."

மகள் அந்த எண்ணை மறுபடி ஒருமுறை படித்தாள். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு நடு நாற்காலியிலிருந்து எழுந்து, ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலிக்குப் போனாள்.

"நகர்ந்து உட்காரும்மா," என்றாள். "இடம் இருக்கு."